வாசகர் கேள்விகள்: ஆச்சி இல்லாத யானைக் கூட்டம்

சென்ற இதழில் யானைகளைப் பற்றி எழுதியிருந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டு நெல்லை, தென்காசிப் பகுதி வாசகர்கள் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான கேள்விகள் தாயை இழந்து மீட்கப்பட்ட கன்றுகளைப் பற்றியவை. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதும் அவற்றுக்கே.

*கென்யா நாட்டில் தாயில்லாத யானைக் கன்றுகளை ஒன்றாக வளர்ப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். வெவ்வேறு காடுகளிலிருந்து வந்த, ஒன்றுக்கொன்று இரத்த உறவில்லாத கன்றுகள் எப்படி ஒரே குடும்பம் போல் பழகுகின்றன? நாம்தான் அப்படிக் கற்பனை செய்துகொள்கிறோமா?*
— ஓர் ஆசிரியை, அம்பாசமுத்திரம்

கற்பனை இல்லை. நீங்கள் பார்த்தது நைரோபி தேசியப் பூங்காவில் ஷெல்ட்ரிக் அறக்கட்டளை நடத்தும் கன்றுக் காப்பகமாக இருக்க வேண்டும். சாவோ கிழக்குத் தேசியப் பூங்காவின் முதல் காப்பாளராக இருந்த டேவிட் ஷெல்ட்ரிக் 1977-இல் மறைந்தபோது, அவர் நினைவாக அவருடைய மனைவி டாஃப்னி அதே ஆண்டில் தொடங்கிய அமைப்பு அது. 2018-இல் டாஃப்னியும் மறைந்த பிறகு அவர்களுடைய மகள் அதை நடத்தி வருகிறார். தந்தத்துக்காகத் தாய் கொல்லப்பட்டவை, வறட்சியில் தாயைப் பறிகொடுத்தவை, கிணற்றில் விழுந்து கூட்டத்தைத் தவறவிட்டவை என்று பல வழிகளில் கன்றுகள் அங்கு வந்து சேர்கின்றன.

அந்தக் கன்றுகள் எதை இழந்து வருகின்றன என்பது புரிந்தால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும். யானைக் கூட்டம் பெண்வழிக் குடும்பம். வயதில் மூத்த பிடி ஒன்று முன்னே நடக்கும்; அதன் தங்கைமார், மகள்கள், அந்த மகள்களின் கன்றுகள் என்று மற்றவை பின்னே வரும். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ஆச்சி, பெரியம்மை, சித்தி, அக்காள் எல்லாரும் ஒரே வளவில் குடியிருக்கும் வீடு அது. எந்த ஓடையில் எந்த மாதம் தண்ணீர் கிடக்கும் என்பது ஆச்சிக்குத் தெரியும். இருபத்திரண்டு மாதம் வயிற்றில் கிடந்து, ஏறத்தாழ நூறு கிலோ எடையுடன் பிறக்கும் கன்று, பள்ளத்தில் கால் இடறிக் கத்தினால் தாய் திரும்புவதற்குள் சித்திமார் இரண்டு பேர் வந்து நிற்பார்கள். பிள்ளை பெறாத இளம் பிடிகளுக்குக் கன்றுகளைப் பார்த்துக்கொள்வதில் அவ்வளவு ஆசை. தங்கள் பிள்ளையை வளர்க்கும் பாடத்தை அவை அங்கேதான் கற்றுக்கொள்கின்றன. ஆகவே தாய் இறந்து தனியே நிற்கும் கன்று இழந்தது தாயை மட்டும் இல்லை, தன்னைச் சுற்றி இருந்த அந்த வீடு முழுவதையும்.

ஆனால் சித்தியாக இருக்கும் அந்த இயல்பு கன்றுகளுக்குள்ளும் பிறவியிலேயே இருக்கிறது. காப்பகத்துக்கு வரும் புதுக் கன்று முதல் சில இரவுகள் கத்தும், கதவை முட்டும், ஆளைக் கண்டால் பாயும். அதை அடக்க மனிதர்கள் செய்வதைவிடப் பக்கத்துக் கொட்டிலில் இருக்கும் கன்றுகள் செய்வது அதிகம். பலகை இடுக்கின் வழியே துதிக்கையை நீட்டிப் புதுக் கன்றின் முதுகையும் முகத்தையும் தடவும். பிறகு துதிக்கையின் நுனியை அதன் வாய்க்குள் வைக்கும். யானைகளிடையே ஒருவரையொருவர் நலம் விசாரிப்பதும் தேற்றுவதும் இப்படித்தான். காலையில் கொட்டில் திறந்து வெளியே விட்டதும், இரண்டு வயதைத் தாண்டிய பெண் கன்று ஏதேனும் ஒன்று புதியதன் பக்கத்தை விட்டு நகராது. கூட்டத்தில் இருக்கும் மிகச் சிறிய கன்றுக்குப் பொறுப்பு எடுப்பது யார் என்று இந்தச் சின்னச் சித்திகளுக்குள் தள்ளுமுள்ளு நடப்பதும் உண்டு. தானே இன்னும் பால் குடிக்கும் குழந்தை இன்னொரு குழந்தைக்குத் தாயாக நிற்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு முற்பகலில் கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பதினொரு மணிக்குப் புதர்களுக்கு நடுவிலிருந்து கன்றுகள் வரிசையாக ஓடி வந்தன. பச்சை அங்கி அணிந்த காப்பாளர்கள் ஆளுக்கொரு பெரிய பால்புட்டியைச் சரித்துப் பிடித்தார்கள். சற்று வளர்ந்த கன்றுகள் புட்டியைத் தாமே துதிக்கையால் சுற்றிப் பிடித்து, தலையை அண்ணாந்து, நாம் ஒரு குவளை மோர் குடிக்கும் நேரத்துக்குள் காலி செய்தன. பிறகு சேற்றுக் குட்டை. ஒரு சிறிய கன்று குட்டையின் விளிம்பில் கால் வழுக்கிப் பக்கவாட்டில் சாய்ந்து, எழ முடியாமல் மெல்லிய குரலில் ஒரு முறைதான் கத்தியது. எதிர்க்கரையில் சேற்றில் புரண்டுகொண்டிருந்த இரண்டு பெண் கன்றுகள் அந்த நொடியே எழுந்து வந்து, ஒன்று நெற்றியாலும் மற்றொன்று காலாலும் அதை முட்டுக்கொடுத்துத் தூக்கிவிட்டன. காப்பாளர் ஒருவர் இரண்டடி எடுத்து வைத்தவர், அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தம் வேலை அங்கே தேவையில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு மூன்று வயது ஆனதும் கன்றுகள் சாவோ பகுதியில் உள்ள வோய், இத்தும்பா போன்ற இடங்களுக்குக் கொண்டுபோகப்படுகின்றன. நம் தேரிக்காட்டு மண்ணைப் போன்ற செம்மண் பூமி அது; அங்குள்ள யானைகள் மண்ணை வாரிப் பூசிச் செக்கச்செவேல் என்று இருக்கும். அங்கே பகல் முழுவதும் காட்டில் மேய்ச்சல், இரவில் பட்டி. காட்டுக் கூட்டங்களையும், தங்களுக்கு முன்னர் அங்கே வளர்ந்து காட்டுக்குப் போன பெரிய பிடிகளையும் பகலில் சந்திக்கின்றன. ஒரு நாள் ஒரு கன்று மாலையில் பட்டிக்குத் திரும்பாது. மறுநாள் திரும்பும், பிறகு ஒரு வாரம் வராது. எப்போது போவது என்பதை அதுவே முடிவு செய்கிறது, அதற்குச் சில ஆண்டுகள் ஆனாலும் யாரும் அவசரப்படுத்துவதில்லை. அப்படிக் காட்டுக்குப் போன பிடிகள் பல ஆண்டுகள் கழித்துத் தாம் ஈன்ற கன்றுடன் பழைய பட்டிக்கு வந்து நின்றது ஒரு முறை இரு முறை நடந்ததன்று. தலைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்கு வரும் பெண்ணைத்தான் எனக்கு அது நினைவூட்டுகிறது.

*எங்கள் பக்கம் பசும்பாலுக்குப் பஞ்சமில்லை. யானைக் கன்றுக்கு அதைக் கொடுத்தால் என்ன?*
— ஒரு தென்னை விவசாயி, பாவூர்சத்திரம்

கொடுக்கக் கூடாது. பசும்பாலில் உள்ள கொழுப்பை யானைக் கன்றின் குடல் ஏற்காது. வயிற்றுப்போக்கு கண்டு, உடல் நீர் வற்றி, சில நாட்களில் கன்று இறந்துவிடும். டாஃப்னி ஷெல்ட்ரிக் பல ஆண்டுகள் பல கன்றுகளை இப்படித்தான் பறிகொடுத்தார். கைக்குழந்தைகளுக்கான பால்மாவில் எந்தக் கொழுப்பைச் சேர்த்தால் யானைப் பாலுக்கு அருகில் வரும் என்று அவர் தேடித் தேடி, கடைசியில் கண்டுபிடித்தது உங்கள் தோட்டத்துப் பொருளைத்தான், ஐயா: தேங்காய் எண்ணெய். அந்தக் கலவை அமைந்த பிறகுதான் பச்சிளம் ஆப்பிரிக்க யானைக் கன்றுகளைப் பிழைக்க வைக்க முடிந்தது. இரவு பகல் பாராமல் மூன்று மணிக்கு ஒரு முறை பால் கொடுக்கிறார்கள்.

பால் சரியாக இருந்தும் சில கன்றுகள் குடிக்க மறுக்கும். தாயின் வயிற்றுக்கு அடியில் நின்று, துதிக்கையைத் தாயின் உடம்பில் சாய்த்துக் குடித்துப் பழகிய பிள்ளைகள் அவை. அதனால் கம்பளி ஒன்றைக் கன்றின் தலைக்கு மேலே தாய் நிற்கும் உயரத்தில் தொங்கவிட்டு, அதன் மறைவிலிருந்து புட்டியை நீட்டுகிறார்கள். கன்று துதிக்கையைக் கம்பளியில் வைத்துத் தடவிக்கொண்டே குடிக்கிறது.

*இரவில் கன்றுடன் ஒரே கொட்டிலில் காப்பாளரும் படுத்துக்கொள்கிறார், ஆனால் தினமும் ஆள் மாறுகிறார் என்று படித்தேன். பிள்ளைக்கு ஒரே தாய் இருப்பதுதானே நல்லது?*
— ஓர் இல்லத்தரசி, களக்காடு

அம்மா, உங்கள் கேள்வியின் நியாயம் எனக்குப் புரிகிறது. டாஃப்னியும் தொடக்கத்தில் அப்படித்தான் நினைத்தார். ஆயிஷா என்ற கன்றைப் பிறந்த சில நாட்களிலிருந்து அவரே இரவும் பகலும் தம் பக்கத்தில் வைத்து வளர்த்தார். அது நன்றாகத் தேறி வந்தது. பிறகு மகளின் திருமணத்துக்காக அவர் வெளியூர் போக வேண்டி வந்தது. பால் அதே பால்தான், இடமும் அதே இடந்தான், பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இருந்தார். ஆனால் ஆயிஷா உண்ணவில்லை. அவர் திரும்பி வந்தபோது அது பிழைக்கும் நிலையைத் தாண்டிவிட்டது. தம் அன்பே அந்தக் கன்றைக் கொன்றுவிட்டதாக அவர் வாழ்நாள் முழுவதும் வருந்தினார்.

அந்தத் துயரத்திலிருந்து பிறந்த விதிதான் இப்போதுள்ளது. காப்பாளர்கள் பலர், ஒவ்வோர் இரவும் கொட்டில் மாறிப் படுக்கிறார்கள். கன்றுக்கு யாரோ ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்கிறார். நள்ளிரவில் கம்பளி நழுவினால் எடுத்துப் போர்த்தவும், துதிக்கையை நீட்டித் தொட்டுப் பார்க்கும்போது கையைக் கொடுக்கவும் ஆள் உண்டு. ஆனால் அந்த ஒருவர் ஊருக்குப் போனாலும் உலகம் இடிந்துவிடாது. காட்டில் கன்றுக்கு இருப்பதும் ஒரே தாய் இல்லையே, அதைச் சுற்றிச் சித்திமார் கூட்டமே இருக்கிறது. அந்த அமைப்பைத்தான் மனிதர்களைக் கொண்டு திரும்பக் கட்டியிருக்கிறார்கள். எந்தக் கன்று தம்மைவிட்டுப் போக வேண்டும் என்று வளர்க்கிறார்களோ அதன் பக்கத்தில் இரவு முழுவதும் விழித்துப் படுத்திருக்கிறார்களே, அதைவிடப் பெரிய பிள்ளை வளர்ப்பை நான் கண்டதில்லை.

இலங்கையின் உடவளவையில் 1995-இல் தொடங்கப்பட்ட அரசுக் காப்பகம் இன்னும் ஒரு படி விலகி நிற்கிறது. அங்கே மனிதர் தொடுவதே பால் கொடுக்கும் நேரத்தில் மட்டுந்தான். பார்வையாளர்கள் தொலைவிலுள்ள மேடையிலிருந்து பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் கன்றுகள் தம்முள்ளேயே பழகுகின்றன. ஐந்து வயதை ஒட்டி, ஏற்கெனவே சேர்ந்து மேய்ந்த நண்பர்களாகப் பார்த்து ஒரு குழுவாகவே காட்டில் விடுகிறார்கள். பிரிக்காமல் விடுகிறார்கள் என்பதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன்.

நம் முதுமலையில் வழி வேறு. தெப்பக்காடு முகாமில் ரகு, பொம்மி என்ற கன்றுகளைப் பொம்மனும் பெள்ளியும் வளர்த்ததை 2023-இல் ஆஸ்கார் பெற்ற ஆவணப்படம் வழியாக உலகமே பார்த்தது. அந்தத் தம்பதியின் அன்புக்கு ஈடு சொல்ல முடியாது. ஆனால் முகாமில் வளரும் கன்று பெரும்பாலும் முகாம் யானையாகவே வாழ்ந்து முடிக்கிறது. அங்கு மூத்த பிடிகளின் துணை உண்டு என்பது ஆறுதல். என்றாலும் காட்டுக்குத் திரும்பும் வழி நம் மாநிலக் கன்றுகளுக்கும் திறக்க வேண்டும் என்பதே என் கருத்து.

*ஆண் கன்றுகள் எப்படியும் வளர்ந்தால் தனியே போய்விடும் என்கிறார்களே, அவற்றுக்கு உறவு எதற்கு? எங்கள் மலையில் கொண்டுவந்து விட்ட அரிக்கொம்பன் தனியாகத்தானே திரிந்தான்?*
— ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கல்லிடைக்குறிச்சி

ஆண் யானை பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் பிறந்த கூட்டத்தை விட்டு விலகுகிறது என்பது சரி. விலகிய பிறகு அது யாருமற்றுத் திரிகிறது என்பது சரியில்லை. இளங்களிறுகள் மூத்த களிறுகளைத் தேடிப் போய், அவற்றின் பின்னால் நடந்து, எப்படி ஒதுங்குவது, எப்படி அடங்குவது என்று கற்றுக்கொள்கின்றன.

கற்றுக்கொடுக்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பர்க் பூங்கா சாட்சி. குரூகர் தேசியப் பூங்காவில் யானைகளின் எண்ணிக்கையைக் குறைக்கப் பெரியவற்றைச் சுட்டுவிட்டு, எஞ்சிய கன்றுகளை மட்டும் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அந்த ஆண் கன்றுகள் வளர்ந்து, உரிய வயதுக்கு முன்பே மதம் கொண்டு, 1990-களில் நாற்பதுக்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998-இல் குரூகரிலிருந்து மூத்த களிறுகள் ஆறு கொண்டுவரப்பட்டன. பெரியவர்கள் வந்ததும் இளையவற்றின் மதம் தணிந்தது, கொலைகளும் நின்றன. ஆண் பிள்ளைக்கு உறவு எதற்கு என்று கேட்டீர்கள், இதற்குத்தான்.

அரிக்கொம்பன் 2023 ஜூன் மாதம் மேல் கோதையாறு பகுதியில் விடப்பட்டபோது வளர்ந்த களிறு. கன்றுகளின் நிலையோடு அவனை ஒப்பிட முடியாது. புதுக் காட்டில் எந்த ஓடைக்குப் போவது என்று சொல்ல அவனுக்கும் பழகிய துணை இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது மட்டும் உண்மை.

*யானைக் கன்றுகளுக்குப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்களே, அதற்குத் தெரியுமா?*
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

நன்றாகத் தெரியும். இன்னும் ஒரு செய்தி: கென்யாவின் அம்போசெலி, சம்புரு யானைகளின் குரல்களைப் பதிவு செய்து ஆராய்ந்து 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, யானைகள் ஒன்றையொன்று பெயர் போன்ற தனிக் குரலால் அழைத்துக்கொள்கின்றன. அப்படியானால் தாய் வைத்த பெயர் ஒன்றும் அந்தக் கன்றுக்கு இருந்திருக்கலாம். அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் இப்போது ஆள் இல்லை.

*காந்திமதியை நினைக்காமல் யானையைப் பற்றிப் பேச முடியவில்லை. அவளும் தாயைப் பிரிந்து வந்தவள்தானே?*
— ஒரு வாசகர், திருநெல்வேலி நகரம்

நெல்லையப்பர் கோயில் காந்திமதி 2025 ஜனவரியில் தம் 56-ஆம் வயதில் மறைந்தபோது ரத வீதிகளில் கண் கலங்காதவர் குறைவு. மூட்டு வலியோடு நடக்கிறாளே என்று அவளுக்குத் தோல் செருப்பு செய்து கொடுத்தது நம் ஊர். அந்தப் பாசத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் நேராகக் கேட்டதற்கு நேராகவே சொல்ல வேண்டும். எந்தக் கோயிலாக இருந்தாலும், தனியே நிற்கும் யானைக்கு நாம் வாழைப்பழம் கொடுக்கலாம், சந்தனம் பூசலாம், பெயர் சொல்லி அழைக்கலாம். அதன் வாய்க்குள் துதிக்கை நுனியை வைத்து நலம் கேட்க நம்மால் முடியாது. கோயில் யானைகளுக்கு 2003 முதல் நடத்தப்பட்ட 48 நாள் புத்துணர்வு முகாம்களில், தீவனத்தையும் மருந்தையும் விட அவற்றுக்கு அதிகம் உதவியது பக்கத்தில் இன்னொரு யானை நின்றதுதான் என்பது என் எண்ணம். அங்கே பழகிய தோழியைப் பிரிந்து லாரியில் ஏற மறுத்த யானைகளைப் பற்றிப் பாகர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

*மலையடிவாரத்தில் எங்கள் வாழைத் தோப்புக்குள் கன்று ஒன்று தனியாக நின்றால் என்ன செய்ய வேண்டும்?*
— ஒரு விவசாயி, கடையம்

முதலில் விலகி நில்லுங்கள். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். தொடாதீர்கள், பழமோ பாலோ கொடுக்காதீர்கள், கைப்பேசியில் படம் எடுக்க ஊரைக் கூட்டாதீர்கள். தனியே நிற்கும் கன்று எல்லாம் தாயில்லாக் கன்று இல்லை. பெரும்பாலும் தாய் சில நூறு அடிக்குள் புதருக்குள் நின்றுகொண்டிருக்கும். ஆள் நடமாட்டம் அடங்கினால் இரவில் வந்து கூட்டிப்போகும். கூட்டம் போட்டு அந்த இரவைக் கெடுத்தால், தாய் உள்ள பிள்ளையை நாமே அநாதையாக்கிவிடுவோம்.

2023 டிசம்பர் இறுதியில் வால்பாறைப் பக்கம் பன்னிமேட்டில் கூட்டத்தைத் தவறவிட்ட கன்றை, வனத்துறையினர் டிரோன் உதவியுடன் கூட்டம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துத் தாயிடம் சேர்த்தார்கள். சில நாட்கள் கழித்து, தாயின் மேல் கால் போட்டு அந்தக் கன்று தேயிலைத் தோட்டத்துக்கு அருகே உறங்கும் படம் வந்தது. எத்தனை கொட்டில் கட்டினாலும் அந்த உறக்கத்தை நம்மால் கொடுக்க முடியாது.

உங்கள் தோப்பில் பாழுங்கிணறு இருந்தால் கைப்பிடிச் சுவர் எழுப்புங்கள். வேலியில் நேரடி மின்சாரம் மட்டும் வேண்டாம்; சட்டப்படியும் குற்றம், ஒரு கம்பியில் ஒரு குடும்பமே போய்விடும். 2022-இல் அகத்தியமலை யானைகள் காப்பகம் 1,197 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக் கோடு வரைபடத்தில் இருக்கிறது. யானையின் பாதை உங்கள் தோப்பின் வழியே போகிறது. வாழை சாய்ந்தால் உங்களுக்கு ஏற்படும் இழப்பை நான் அறியாதவன் இல்லை. இழப்பீடு தாமதமின்றிக் கிடைக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன்.

*அம்மா இல்லாத குட்டி யானைக்குத் துதிக்கையால் தண்ணீர் குடிக்க யார் சொல்லிக் கொடுப்பார்கள்?*
— ஏழாம் வகுப்பு மாணவன், திருக்குறுங்குடி

தம்பி, பிறந்த கன்றுக்குத் தன் துதிக்கையை என்ன செய்வது என்றே தெரியாது. அது பாட்டுக்கு ஆடும். சில நேரம் அதையே மிதித்துத் தடுக்கி விழும். நீ சிறு வயதில் விரல் சூப்பியது போல, தூக்கம் வரும்போது அது தன் துதிக்கை நுனியைச் சூப்பும். முதல் சில மாதங்கள் குட்டையில் முன்னங்கால் மடித்து, ஆட்டுக்குட்டி போல வாயாலேயே தண்ணீர் குடிக்கும். பக்கத்தில் நிற்கும் பெரியவை துதிக்கையில் உறிஞ்சி வாயில் ஊற்றுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. அம்மா இல்லாத கன்று, தன்னைவிட ஓர் ஆண்டு மூத்த அக்காளைப் பார்க்கும். அக்காள் உறிஞ்சினால் தானும் உறிஞ்சும். முதலில் பாதித் தண்ணீர் வாய்க்கும் பாதி நெற்றிக்கும் போகும். அக்காள் நின்று காத்திருப்பாள்.